கரியாலூர்ப் பிள்ளையும் மனத்திறன் கேள்வியும்

ஒரு சதுரக் காகிதத்தை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். அதையே குறுக்குவாக்கில் இன்னொரு தரம் மடியுங்கள். மடிப்புகள் சேரும் மூலைக்குச் சற்றுத் தள்ளி ஊசியால் ஒரு துளை போடுங்கள். காகிதத்தை விரித்தால் துளைகள் எத்தனை, எந்தெந்த இடத்தில்? காகிதம் கையில் இருந்தால் பதில் சொல்ல அரை நிமிடம் போதும். நுழைவுத் தேர்வில் தொட்டுப் பார்க்கக் காகிதம் கிடையாது. மடித்த படத்தை மனசுக்குள்ளேயே விரித்து, கீழே உள்ள நான்கு படங்களில் சரியானதைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கப்படுவது பத்து வயதுப் பிள்ளையிடம்.

ஐந்தாம் வகுப்பில் எழுதி ஆறாம் வகுப்பில் சேரும் இந்த மாதிரித் தேர்வுகளில் பேர்போனது நவோதயா தேர்வு. 2 மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 40 கேள்விகள், அதாவது பாதி மதிப்பெண், மனத்திறனுக்கு. மிச்சம் கணக்குக்கும் மொழிக்கும். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளி கிடையாது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உண்டு. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்து வெள்ளிமலையில், ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தங்கிப் படிக்க 1997-98இல் நடுவண் அரசு தொடங்கிய திட்டத்தைச் சேர்ந்தது. இந்தப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வும் மனத்திறன், கணக்கு, மொழி என்ற மூன்றையும் சுற்றித்தான்.

கரியாலூர்ப் பக்கத்துக் குடும்பத்துக்கு இந்தத் தேர்வு சின்ன விஷயம் இல்லை. மரவள்ளியும் சாமையும் வருஷம் முழுக்கச் சோறு போடாது. கடுக்காய் பொறுக்கி விற்பது பருவத்துக்குத்தான். கீழ்நாட்டுக்கும் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிற பெற்றோர் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனால் படிப்பு அறுந்துபோகிறது. தங்கிப் படிக்கிற ஒரு பள்ளியில் இடம் கிடைப்பது ஏழு வருஷப் படிப்பு அறுபடாமல் இருக்க வழி.

பிள்ளையைத் தயார்செய்ய உட்காரும் அப்பாவோ ஆசிரியரோ வாய்ப்பாட்டையும் பின்னக் கணக்கையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மனத்திறன் பகுதி வந்தால், 'அது மூளை இருந்தா வரும், சொல்லிக்கொடுத்து வராது' என்று தாண்டிவிடுகிறார்கள். அறிவியல் சொல்வது இதற்கு நேர் எதிர் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். தேர்வில் பழக்கத்தால் மிக விரைவாக ஏறக்கூடிய பகுதி அதுதான். மலைப்பிள்ளை பின்தங்குவதும் அங்கேதான். மூளைக் குறைவால் அல்ல, அந்த விதமான கேள்வியை அதற்குமுன் கண்ணால்கூடப் பார்த்திராததால்.

மனத்திறனை அளக்கும் முதல் அளவுகோலை 1905இல் பாரிஸில் உண்டாக்கியவர்கள் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும். வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவி செய்வதற்காக அது உண்டானது. அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்ட சரக்கு என்ற எண்ணத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் கவனமும் நினைவும் வளரும் என்று 1909இல் எழுதினார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். அந்த இழப்பின் விலையை இன்றும் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

பினே சொன்னதற்குப் பெரிய சான்று பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. நியூசிலாந்தின் ஜேம்ஸ் ஃப்ளின் 1987இல் 14 நாடுகளின் மதிப்பெண்களைத் திரட்டிப் பார்த்தபோது, தலைமுறைக்குத் தலைமுறை அவை ஏறிக்கொண்டே வந்திருந்தன. படிப்போ மொழியோ தேவைப்படாது என்று கருதப்பட்ட, வடிவங்களை வைத்து மட்டும் கேட்கும் ரேவன் தேர்வில்தான் ஏற்றம் அதிகம். நெதர்லாந்தில் ராணுவச் சேர்ப்புக்காகச் சோதிக்கப்பட்ட இளைஞர்கள் 1952க்கும் 1982க்கும் இடையில் ஏறக்குறைய 20 புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். முப்பது வருஷத்தில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. மாறியது பள்ளிக்கூடமும், படமும் வரைபடமும் குறியீடும் நிறைந்த வாழ்க்கையும். வடிவக் கேள்விகள் சூழலின் சாயல் படாத சுத்தமான அளவுகோல் என்ற நம்பிக்கை அத்தோடு உடைந்தது.

'வேறுபட்டதைக் கண்டுபிடி' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1930களின் தொடக்கத்தில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகிய நான்கின் படங்களைக் காட்டி எது சேராதது என்று கேட்டார். பள்ளி போனவர்கள் மரக்கட்டை என்றார்கள். மற்ற மூன்றும் கருவிகள். பள்ளி போகாத விவசாயிகள் நான்கும் சேர்ந்தவைதான் என்றார்கள். ரம்பம் அறுக்கும், கோடரி பிளக்கும்; கட்டை இல்லாவிட்டால் இரண்டும் எதற்கு? அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பொருள்களைப் பயனால் கூட்டுவது ஒரு முறை. இனத்தால் கூட்டுவது இன்னொரு முறை. தேர்வுத்தாள் இரண்டாவதை மட்டும் ஒப்புக்கொள்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, கடுக்காய் என்று எழுதி எது வேறு என்று கேட்டால், கரியாலூர்ப் பிள்ளை 'கேழ்வரகு, ஏன்னா அதுல களி கிண்டுவோம்' என்று சொல்லக்கூடும். அந்தப் பிள்ளையைத் திட்டக் கூடாது. 'அதுவும் சரிதான். ஆனா பரீட்சைக்காரங்க வேற மாதிரி பிரிப்பாங்க. எது காட்டு மரத்துல காய்க்குது, எது நிலத்துல விதைச்சு அறுக்கிறதுன்னு பாரு' என்று கேள்வியின் வழக்கத்தை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மனத்திறன் பகுதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கண்ணாடிப் பிம்பம். நவோதயா தாளில் அதற்கென்றே தனிப் பகுதி உண்டு. வடிவத்தைப் பொருத்துதல், மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடித்தல் முதலியவற்றிலும் ஓர் உருவத்தையும் அதன் இடவலம் மாறிய உருவத்தையும் பிரித்தறிய வேண்டியிருக்கும். இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம் ஆசிரியர் பயிற்சிகளில் யாரும் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

இயற்கையில் நம் மூளை இடவலத்தைப் பொருட்படுத்துவதில்லை. இடப்பக்கம் பார்த்து நிற்கும் கரடியும் வலப்பக்கம் பார்த்து நிற்கும் கரடியும் ஓட வேண்டியவனுக்கு ஒன்றுதான். ஒரு பக்கத்தைப் பார்த்து அறிந்த பொருளை மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே பொருள் என்று அறிவது உயிர் பிழைக்க உதவிய திறமை. அதனால்தான் எழுதப் பழகும் குழந்தைகள் சில எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறார்கள். பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்: படிக்கக் கற்கும்போது இந்தப் பழைய பழக்கத்தை மூளை எழுத்துகள் அளவிலாவது மறக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பி (b), டி (d) இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். அவற்றைப் பிரிக்காமல் ஆங்கிலம் படிக்க முடியாது. ஆகவே ஆங்கிலம் படிப்பவரின் கண் இடவலத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

தமிழ் எழுத்தில் இந்தக் கட்டாயம் இல்லை. இடவலம் மாறியதால் மட்டுமே வேறுபடும் இரண்டு எழுத்துகள் நம் நெடுங்கணக்கில் கிடையாது. மொழியியலாளர் எரிக் பெடர்சன் தமிழர்களிடையே இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தமிழ் மட்டும் படித்தவர்கள், தமிழோடு ரோமன் எழுத்தும் படித்தவர்கள் என மூன்று வகையினர். ஒரு வடிவம் ஒரு பெரிய உருவத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டபோது, இடவலம் மாறிய வடிவத்தை 'இது வேற' என்று ஒதுக்கியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வகையினர். தமிழ் மட்டும் படித்தவர்கள் இந்த விஷயத்தில் எழுத்தறியாதவர்களை ஒத்திருந்தார்கள். தமிழை நன்றாகப் படித்தவர்களுக்கும் இதே நிலைதான். அவர்களுடைய எழுத்து அந்த வேறுபாட்டைக் கவனிக்கும்படி அவர்களை ஒருநாளும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்துக் கரியாலூர் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். தமிழ்வழியில் படிக்கும், வீட்டில் ஆங்கில எழுத்தைப் பெரும்பாலும் பிஸ்கட் பாக்கெட்டில் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு, மூன்று வயதிலிருந்து ஆங்கில எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதிய நகரத்துப் பிள்ளைக்கு இயல்பாக வந்த ஒரு கவனம் வந்திருக்காது. தாள் திருத்தும் இயந்திரத்துக்கு இது தெரியாது. அது 'மனத்திறன் குறைவு' என்று பதிந்துகொள்கிறது.

நல்லவேளையாக, இதற்கு மருந்து சல்லிசு. ஒரு நோட்டுத்தாளில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவினால் தாள் ஊடுதெரியும். அதைக் கேள்விப் படத்தின் மேல் வைத்துப் பிள்ளையையே பென்சிலால் வரையச் சொல்லுங்கள். முதலில் 'ட' எழுத்து, கிடைக்கோடு நிற்கும் கோட்டைவிட நன்றாக நீளமாக. தாளைத் தரையோடு தரையாக எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது 'ட'தான். சாயும், கவிழும், ஆனால் கண்ணாடி 'ட' ஆகாது. தாளைப் புரட்டிப் போட்ட மறுநொடி கால் இடப்பக்கம் போய்விடும். சுற்றுவது வேறு, புரட்டுவது வேறு என்பதைப் பிள்ளையின் கை கண்டுகொள்ளும் இடம் இது. அடுத்து 'ப'. அதைப் புரட்டினாலும் 'ப' மாதிரியேதான் தெரியும். ஏன் என்று பிள்ளை யோசிக்கட்டும், பதிலை முந்திச் சொல்ல வேண்டாம். பிறகு முக்கோணமும் புள்ளியும் உள்ள தேர்வுப் படங்கள். கொஞ்ச நாளில் தாளை எடுத்துவிட்டு, 'புரட்டினா புள்ளி எந்தப் பக்கம் போகும்?' என்று மட்டும் கேளுங்கள்.

கையால் செய்தது மனசுக்குள் எப்படிப் போகிறது? ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971இல் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. கனசதுரங்களை அடுக்கிய மாதிரியான இரண்டு உருவங்களைக் காட்டி, இரண்டும் ஒன்றா, கண்ணாடிப் பிம்பங்களா என்று கேட்டார்கள். உருவங்களுக்கிடையே உள்ள கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆகும் நேரமும் ஒரே சீராகக் கூடியது. நொடிக்கு ஏறக்குறைய 60 பாகை. மனசுக்குள் உருவத்தை நிஜமாகவே சுற்றுவதுபோல் மூளை வேலை செய்கிறது. கையால் சுற்றிய பிள்ளைக்கு அந்த உள்சுற்றல் எளிதாகிறது. இடஞ்சார் திறனுக்குப் பயிற்சி தந்த 217 ஆய்வுகளை டேவிட் உட்டலும் கூட்டாளிகளும் தொகுத்து 2013இல் வெளியிட்ட முடிவுப்படி, சராசரி முன்னேற்றம் 100 பேர் வரிசையின் நடுவில் நின்ற ஒருவர் 18 பேரைத் தாண்டி முன்னே போவதற்குச் சமம். நூற்றுக்கணக்கில் போட்டியிட்டுச் சில பத்து இடங்களுக்கு முந்தும் தேர்வில் 18 பேர் என்பது சாதாரணமா?

கணக்குப் பகுதியின் கதை வேறு. இங்கே மலைப்பிள்ளையிடம் சரக்கு ஏற்கெனவே இருக்கிறது; தாளில்தான் வராது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் தேங்காய் போன்றவற்றை விற்ற சிறுவர்களை 1985இல் ஆராய்ந்தார்கள். வியாபாரம் பேசும்போது கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் எழுதிக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைசெய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்து 2025இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்விலும் இதேதான்: மனசாலேயே கூட்டிப் பெருக்கிச் சில்லறை தரும் பிள்ளை, பாடப்புத்தகக் கழித்தலில் தடுமாறியது. பள்ளிப் பிள்ளைகளின் நிலை தலைகீழ். தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஒரு திறமை தானாக இன்னொன்றாக மாறுவதில்லை; யாராவது பாலம் போட வேண்டும்.

ஆகவே கரியாலூர்ப் பிள்ளைக்குத் தசமப் பெருக்கலை 2.25 × 40 என்று தொடங்காதீர்கள். 'கிலோ 40 ரூபாய்க்கு இரண்டேகால் கிலோ கடுக்காய் போட்டா எவ்வளவு வரும்?' என்று கேளுங்கள். 80உம் 10உம் 90 என்று வாயால் வரும். அந்த வாய்க்கணக்கை அப்படியே தாளில் எழுதச் சொல்லுங்கள்: 2 × 40, 0.25 × 40, இரண்டையும் கூட்டு. தான் ஏற்கெனவே செய்வதன் எழுத்து வடிவம்தான் இந்தக் கணக்கு என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால், கணக்கின் மேலிருந்த பயம் பாதி போய்விடும்.

பயிற்சியை எப்படிச் செய்வது என்பதில் நம் ஊர் வழக்கம் பிழையானது என்று உறுதியாகச் சொல்வேன். கைடு புத்தகத்தில் கண்ணாடிப் பிம்பக் கணக்கு நாற்பது ஒரே இடத்தில் இருக்கும். நாற்பதையும் போட்டு முடித்த பிள்ளைக்கும் பார்த்த ஆசிரியருக்கும் திருப்தி. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவு ஒரே வகைக் கணக்குகளை மொத்தமாகவும் இன்னொரு பிரிவு நான்கு வகைகளைக் கலந்தும் போட்டார்கள். பயிற்சியின்போது மொத்தமாகப் போட்டவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது முன்னவர்கள் 20க்கு இறங்கிவிட்டார்கள், பின்னவர்கள் 63. ஒரே வகையைத் தொடர்ந்து போடும்போது 'இது எந்த வகை?' என்று யோசிக்க வேண்டியதே இல்லை. தேர்வில் முதல் வேலையே அந்த யோசனைதான்.

மனப்பாடமும் அப்படியே. ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் ஒரு பத்தியை ஒரு பிரிவுக்கு நான்கு தடவை படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடத்தில் கேட்டால் படித்தவர்கள் முன்னிலை, 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரத்தில் நிலை மாறியது: எழுதிப் பார்த்தவர்கள் 61, படித்தவர்கள் 40. 'இன்னொரு தரம் படி' என்பதைவிட 'புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு' என்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி. பிள்ளை திணறும், அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது. இரவு பத்துமணிக்கு மேல் உட்கார வைப்பதும் வேண்டாம். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்துவது தூக்கத்தில்.

விடைக்கு வட்டம் தீட்டும் ஓஎம்ஆர் தாளைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அதுவரை நோட்டில் விடை எழுதிய பிள்ளை முதன்முதலாக வட்டங்களைப் பார்ப்பது தேர்வு அறையில் என்றால் அது அநியாயம். இயந்திரம் விடையைப் படிப்பதில்லை. தாளில் ஒளி பட்டு எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிறது. நிரம்பிய வட்டம் ஒளியை விழுங்கும். அரைகுறையாகத் தீட்டியதையும், அடித்துவிட்டு இன்னொன்றைத் தீட்டியதையும் அது குழப்பமாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய ஆபத்து வரிசை மாறுவது: 17ஆம் கேள்வியை விட்டுவிட்டு 18இன் விடையை 17இன் வட்டத்தில் தீட்டினால், அதற்குப் பிறகு தெரிந்த விடைகளும் வீண். ஒரு தாளில் வட்டங்களை வரைந்து, பத்து விடைக்கு ஒருதரம் எண்ணைச் சரிபார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்துவது ஒரு மாலை வேலை. நவோதயா தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. தெரியாத 12 கேள்விகளை வெறுமனே விட்டால் ஒன்றும் இல்லை; ஏதாவது ஒன்றைத் தீட்டினால் சராசரியாக மூன்று சரியாக விழும், 3.75 மதிப்பெண். நகரத்துப் பயிற்சி மையம் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் இதை நம் மலைப் பள்ளியும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பிள்ளையின் மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பையன்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2006இல் வந்தது. சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஒரே அளவு முடித்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட பையன்கள் முடித்த படங்கள் கணிசமாகக் குறைந்தன. அதே மூளை, அதே படம். 'மலைக்காரப் பசங்களுக்கு இதெல்லாம் வராது' என்று காதில் விழும்படி பேசுபவர் தேர்வுக்கு முன்பே மதிப்பெண்ணைப் பறிக்கிறார். 2025இல் இதே கல்வராயன் மலையின் கருமந்துறையிலிருந்து, அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி ஐஐடிக்குத் தேர்வானார். அவருடைய கதையை நான்காம் வகுப்பிலேயே சொல்லுங்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிதல்ல. கல்வராயன் மலையின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் நான்காம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு பாடவேளை மனத்திறனுக்கு ஒதுக்க வேண்டும். மாதிரி வினாத்தாளும் வட்டத்தாளும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். தேர்வு எழுதப்போகும் நாலைந்து பேரை மட்டும் பிரித்து உட்கார வைக்காமல் வகுப்பு முழுவதையும் உட்கார வைக்க வேண்டும். வெள்ளிமலையில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதில் 90 கேள்விகள் மனத்திறன், தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். கூடவே சான்றிதழ் விஷயமும் உண்டு. ஏகலைவா பள்ளிக்குப் பழங்குடியினர் சாதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் அதை வழங்குபவர் கோட்டாட்சியர் என்பதால் தேர்வு அறிவிப்பு வந்த பிறகு அலைந்தால் நேரம் போதாது. என்எம்எம்எஸ்ஸுக்கு வருமானச் சான்று வேண்டும், வரம்பு ஆண்டுக்கு 3,50,000 ரூபாய். இரண்டுக்கும் பிள்ளை நான்காம் வகுப்பில் இருக்கும்போதே தலைமையாசிரியரிடம் பேசி மனுக்கொடுத்து வைப்பது நல்லது.